குறைந்த எஸ்ஏடி ஸ்கோர்: எந்தக் கல்லூரிக்குச் சொல்வது, எதற்கு விடுவது

2024 செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மகள் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்வில், மொத்தம் 1600-க்கு, ஆகஸ்டில் அவள் வாங்கிய ஸ்கோர் வந்திருந்தது. 1390. மார்ச்சில் 1340, ஜூனில் 1360. மூன்று முறை எழுதியும் 1400-ஐத் தொடவில்லை என்று அவளுக்கு அழுகை.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில், எடிசன் பக்கம். இங்கே தமிழ்க் குடும்பங்கள் கூடும் பிறந்தநாள் விழாவில் 1390 என்று சொன்னால் ஒரு சின்ன மௌனம் வரும். ஆனால் நாடு முழுக்க எஸ்ஏடி எழுதுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இதைவிடக் குறைவாகத்தான் வாங்குகிறார்கள். ஆகவே ‘குறைவு’ என்ற சொல்லைக் கேட்டால் முதலில் ஒன்றை விசாரியுங்கள்: எந்தக் கல்லூரிக்குக் குறைவு? இந்தக் கேள்வி இல்லாமல் முடிவெடுக்கவே முடியாது. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஆறு வாரம் பிடித்தது.

அன்று இரவே சாத்தூருக்குப் போன் செய்தேன். அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். “ஸ்கோரைச் சொல்லாமலும் அப்ளை பண்ணலாம்ப்பா” என்றதும், “வாங்குன மார்க்கை எதுக்கும்மா மறைக்கணும்?” என்றார். அவர் குரலில் இருந்தது எனக்கும் உள்ளே இருந்தது. 90-களில் நான் பிளஸ் டூ எழுதியபோது 1200-க்கு எத்தனை என்பது தெருவுக்கே தெரியும். பொறியியல் கவுன்சலிங்கில் கட்-ஆஃப்தான் எல்லாம். மார்க் ஷீட்டைக் காட்டாமல் எந்தக் கல்லூரி வாசலையும் மிதிக்க முடியாது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த நமக்கு, அனுப்பாமல் விடுவது பொய் சொல்வது போலத் தோன்றுகிறது. இங்கே அது பொய் இல்லை. கல்லூரியே ‘விருப்பமிருந்தால் அனுப்பு, இல்லாவிட்டால் விடு’ என்று எழுத்தில் சொல்லியிருக்கிறது. விண்ணப்பத்திலேயே அதற்கென்று ஒரு கேள்வி இருக்கும். ‘வேண்டாம்’ என்று நேர்மையாகப் பதில் சொல்கிறீர்கள், அவ்வளவுதான். இதை அப்பாவுக்குப் புரியவைக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

முதல் வேலை: கல்லூரிகளை மூன்றாகப் பிரியுங்கள்

ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துப் பட்டியலில் உள்ள கல்லூரிகளை எழுதினோம். மொத்தம் ஒன்பது. ஒவ்வொன்றின் எதிரிலும் மூன்றில் ஒரு சொல்: ‘கட்டாயம்’, ‘விருப்பம்’, ‘பார்ப்பதே இல்லை’.

கொரோனா காலத்தில் தேர்வு மையங்கள் மூடியதால் 2020-ல் பெரும்பாலான கல்லூரிகள் ஸ்கோரைக் கட்டாயமாகக் கேட்பதை நிறுத்தின. அந்த நினைப்பிலேயே இன்னும் பலர் இருக்கிறார்கள். நிலைமை மாறிவிட்டது. எம்ஐடி 2022 மார்ச்சிலேயே மறுபடி கட்டாயமாக்கியது. 2024-ல் டார்ட்மத், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக், கார்னெல், ஸ்டான்ஃபோர்டு என்று வரிசையாக அறிவித்தார்கள், எந்த ஆண்டிலிருந்து என்பது மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறு. யேல் கொஞ்சம் வித்தியாசம்: எஸ்ஏடி, அதேபோன்ற இன்னொரு நுழைவுத் தேர்வான ஏசிடி, ஹைஸ்கூலிலேயே கல்லூரி அளவுப் பாடங்களுக்கு எழுதும் ஏபி, ஐபி தேர்வுகள் இவற்றில் ஏதாவது ஒன்று கட்டாயம் வேண்டும் என்கிறது. எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் பிரின்ஸ்டனும் 2027-28 விண்ணப்பச் சுற்றிலிருந்து கேட்கப்போவதாக 2025 அக்டோபரில் சொல்லிவிட்டது. பெரிய பெயர்கள் மட்டும் இல்லை. ஜார்ஜியா டெக், பர்டியூ, ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம், ஃப்ளோரிடாவின் மாநிலப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் கேட்கின்றன. இந்த இடங்களில் சொல்வதா விடுவதா என்ற கேள்வியே எழாது. ஸ்கோர் போகவேண்டும்.

நேர் எதிர்ப்பக்கம் கலிஃபோர்னியா. யூசி பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ முதலான யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) கல்லூரிகளும் அந்த மாநிலத்தின் கால் ஸ்டேட் கல்லூரிகளும் அட்மிஷனுக்கு எஸ்ஏடி, ஏசிடியைப் பார்ப்பதே இல்லை. 1590 வாங்கியிருந்தாலும் ஒன்றுதான், 1090 வாங்கியிருந்தாலும் ஒன்றுதான். ஆனால் ஒரு எச்சரிக்கை: யூசி எஸ்ஏடியைப் பார்க்காது என்பதால் ஏபியையும் பார்க்காது என்று நினைத்துவிடாதீர்கள். ஏபி தேர்வுகளை அவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள்.

நடுவில் இருக்கும் ‘விருப்பம்’ கூட்டம்தான் தலைவலி. எங்கள் ஒன்பதில் ஐந்து அதில் இருந்தன. இந்த விதி வருடத்துக்கு வருடம் மாறுகிறது. போன வருடம் பக்கத்து வீட்டுப் பையன் என்ன செய்தான் என்பதை வைத்து முடிவு செய்யாமல், உங்கள் பிள்ளை சேரும் ஆண்டுக்கு என்ன விதி என்று அந்தக் கல்லூரியின் அட்மிஷன் பக்கத்திலேயே பாருங்கள். ‘விருப்பம்’ என்று சொல்லும் கல்லூரியிலும் சில பாடப்பிரிவுகளுக்கும் சில ஸ்காலர்ஷிப்புகளுக்கும் ஸ்கோர் கேட்பார்கள். எச்4 விசாவில், அதாவது எச்1பி வேலை விசாவில் வந்தவரின் குடும்ப விசாவில், இருக்கும் பிள்ளைகளுக்கு இது முக்கியம். அவர்களுக்கு ஃபெடரல் அரசின் கல்வி உதவி கிடையாது. கல்லூரி தரும் மெரிட் பணம்தான் நம்பிக்கை. அந்தப் பணத்துக்கு ஸ்கோர் தேவையா என்பதை அட்மிஷன் ஆபீசுக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வேலை: சி9 பக்கம்

ஒரு தனியார் ஆலோசகரிடம் முதலில் போனோம். ஒரு மணி நேரத்துக்கு நல்ல பணம் வாங்கிக்கொண்டு, “1500-க்குக் கீழே எங்கேயும் அனுப்பாதீர்கள்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அதைக் கேட்டுவிட்டு வந்து மகள் இரண்டு நாள் விண்ணப்பத்துக்கான எஸ்ஸே எழுதவில்லை. அந்த ஒரு வரி எல்லாக் கல்லூரிக்கும் பொருந்தவே பொருந்தாது. அதைத் தெரிந்துகொள்ள ஆலோசகர் தேவையில்லை, ஒரு காகிதம் போதும்.

அமெரிக்கக் கல்லூரிகளில் பெரும்பாலானவை ஆண்டுதோறும் ‘காமன் டேட்டா செட்’ என்று ஓர் ஆவணம் வெளியிடுகின்றன. கல்லூரிப் பெயரோடு அந்தச் சொற்களைப் போட்டுத் தேடினால் கிடைக்கும். அதில் சி9 என்ற பகுதிக்குப் போங்கள். முதலாண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் எஸ்ஏடி அனுப்பினார்கள், அவர்களுடைய 25, 50, 75 பெர்சென்டைல் ஸ்கோர் என்ன என்று அங்கே இருக்கும். 25 என்பது, ஸ்கோர் அனுப்பிச் சேர்ந்த நூறு பேரில் கடைசி இருபத்தைந்து பேர் அதற்குக் கீழே என்று பொருள். 50 என்பது நடு.

நாங்கள் வைத்துக்கொண்ட கணக்கு இது. நடு எண்ணையோ அதற்கு மேலேயோ தொட்டால் யோசிக்காமல் அனுப்பு. 25-க்குக் கீழே என்றால், வேறு வலுவான காரணம் இல்லாதவரை விடு. இரண்டுக்கும் நடுவில் விழுந்தால் உட்கார்ந்து பேசு.

ஆனால் சி9-ஐ அப்படியே நம்பிவிடவும் கூடாது. ‘விருப்பம்’ என்று ஆனபிறகு குறைவாக வாங்கியவர்கள் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். நல்ல ஸ்கோர் மட்டும் உள்ளே போவதால் 25 பெர்சென்டைல் எண் மேலே ஏறிவிட்டது. பார்க்கிறவர்களுக்குப் பயம் வந்து அடுத்த வருடம் இன்னும் பலர் அனுப்பாமல் விடுகிறார்கள். எண் இன்னும் ஏறுகிறது. அதனால் நாங்கள் 2019-20 ஆவணத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பெரும்பாலானவர்கள் ஸ்கோர் அனுப்பிய காலம் அது. ஒரு கல்லூரியில் புதிய ஆவணத்தின்படி மகள் 25-க்குச் சற்றுக் கீழே. பழைய ஆவணத்தின்படி நடுவுக்குப் பக்கத்தில். அந்தப் பழைய காகிதத்தைப் பார்த்ததும்தான் அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது.

அதே நேரம் எத்தனை சதவீதம் பேர் அனுப்பினார்கள் என்பதையும் பாருங்கள். சேர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஸ்கோர் அனுப்பியிருக்கிற இடத்தில் அனுப்பாமல் போவது வேறு, கால்வாசிப் பேர் மட்டும் அனுப்பிய இடத்தில் அனுப்பாமல் போவது வேறு.

மொத்த எண்ணைப் பிரித்துப் பாருங்கள்

மகளின் மூன்று தேர்வுகளையும் பிரித்து எழுதினோம். மார்ச்: படித்தல்-எழுதுதல் 610, கணிதம் 730. ஜூன்: 660, 700. ஆகஸ்ட்: 650, 740. பல கல்லூரிகள் வெவ்வேறு நாளின் சிறந்த பகுதிகளை எடுத்துச் சேர்த்துக்கொள்ளும்; அதற்கு சூப்பர்ஸ்கோர் என்று பெயர். அப்படிச் சேர்த்தால் 660-ம் 740-ம் 1400. அவள் அழுத நாளிலேயே அந்த 1400 அவள் கையில் இருந்தது, எங்களுக்குத் தெரியவில்லை.

அவள் கேட்டது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். அதற்கு 740 கணிதம் பேசும். இதே 1400, கணிதம் 650, ஆங்கிலம் 750 என்று இருந்திருந்தால் இன்ஜினியரிங்குக்கு அனுப்பத் தயங்கியிருப்போம். வரலாறோ பத்திரிகைத் துறையோ என்றால் சந்தோஷமாக அனுப்பியிருப்போம். சி9-ல் பகுதிவாரியாகவும் எண்கள் உண்டு, அவற்றையும் பாருங்கள்.

எந்தத் தேதியின் ஸ்கோரை அனுப்புவது என்பதைத் தேர்ந்தெடுக்க காலேஜ் போர்டு அனுமதிக்கிறது. ஆனால் ஜார்ஜ்டவுன் மாதிரி சில கல்லூரிகள் எழுதிய எல்லாத் தேர்வையும் காட்டச் சொல்கின்றன. அங்கே அப்ளை செய்கிறவர்கள் ‘சும்மா ஒருமுறை எழுதிப் பார்க்கலாம்’ என்று தயார் ஆகாமல் போய் உட்கார வேண்டாம்.

பள்ளியையும் சேர்த்துத்தான் படிக்கிறார்கள்

இதை நான் பிந்தித்தான் புரிந்துகொண்டேன். அட்மிஷன் ஆபீசுக்கு விண்ணப்பத்தோடு ‘ஸ்கூல் ப்ரொஃபைல்’ என்று ஒரு தாளும் போகிறது. அந்த ஹைஸ்கூலில் என்னென்ன ஏபி வகுப்புகள் உண்டு, பிள்ளைகள் பொதுவாக எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். டார்ட்மத் 2024-ல் தேர்வைத் திரும்பக் கொண்டுவந்தபோது அவர்களுடைய ஆய்வாளர்கள் சொன்ன காரணமே இதுதான்: வசதி குறைந்த பின்னணியிலிருந்து வந்த பிள்ளைகள், தங்களுக்கு உதவியிருக்கக்கூடிய ஸ்கோரைக் குறைவு என்று நினைத்து அனுப்பாமல் விட்டுவிட்டார்கள். சராசரி ஆயிரத்தைச் சுற்றி இருக்கும் பள்ளியில் 1400 வாங்கிய பிள்ளை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

என் தோழி ஒருத்தி பென்சில்வேனியாவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறாள். பையன் வாங்கியது 1420. அவன் பள்ளியில் அந்த வருடம் அதற்கு மேல் வாங்கியவர்கள் மிகக் குறைவு. எங்கள் எடிசன் பேச்சுகளை எல்லாம் போனில் கேட்டுக் கேட்டு, அதை எங்குமே சொல்லாமல் விட்டார்கள். எனக்கு இன்றும் அது வருத்தம். எங்கள் ஊர் அளவுகோலை அவள் வீட்டுக்குக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

எடிசன் போன்ற ஊர்களுக்கு இது மறுபக்கமாக வேலை செய்கிறது. பள்ளியே அதிக ஸ்கோர் வாங்கும் பள்ளி என்றால், 25-க்கும் 50-க்கும் நடுவில் விழும் ஸ்கோருக்கு இன்னும் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

ஏபி 2-ஐ என்ன செய்வது

ஜூனியர் வருடம், அதாவது பதினோராம் வகுப்பில், மே மாதம் அவள் மூன்று ஏபி எழுதினாள்; ஒவ்வொன்றுக்கும் ஸ்கோர் 1 முதல் 5 வரை. கால்குலஸ் 4, ஆங்கில மொழி 3, வேதியியல் 2. ஜூலையில் வந்தபோது வேதியியலைப் பற்றி ஒரு வாரம் வீட்டில் யாரும் பேசவில்லை.

பல கல்லூரிகளுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப்பில் ஏபி ஸ்கோரைத் தானே எழுதுவது விருப்பத்தைப் பொறுத்தது. எழுதியதில் எது வேண்டுமோ அதை மட்டும் போடலாம். 4, 5 என்றால் போடுங்கள். 1, 2 என்றால் வேண்டாம். 3-தான் இடத்தைப் பொறுத்தது. பல மாநிலப் பல்கலைக்கழகங்கள் 3-க்கே கிரெடிட் தருகின்றன, அதாவது அந்தப் பாடத்தைக் கல்லூரியிலேயே படித்ததாகக் கணக்கு வைக்கின்றன, அங்கே தாராளமாகப் போடலாம். மிகக் கடினமான கல்லூரிகளில், அதுவும் கேட்கும் மேஜருக்கு உரிய பாடத்திலேயே 3 என்றால், விட்டுவிடுவது நல்லது. எங்கள் ஆங்கிலம் 3-ஐப் பற்றி நானும் என் கணவரும் வாதாடிக்கொண்டிருந்தோம். மகள்தான், “அதைப் போட்டா எனக்கு என்ன கூடப்போகுது?” என்றாள். சரி என்று விட்டோம்.

வேதியியல் வகுப்பு எடுத்தது பள்ளி மதிப்பெண் பட்டியலான டிரான்ஸ்கிரிப்டில் இருக்கும், ஸ்கோர் இல்லாவிட்டால் ஊகித்துவிடுவார்களே என்று கேட்கலாம். ஊகிக்கலாம். ஆனால் ஏபி தேர்வுக்குத் தனியாகப் பணம் கட்டவேண்டும், எழுதாமல் விடுகிறவர்களும் உண்டு. வகுப்பில் வாங்கிய பி பிளஸ் அங்கே தெரிகிறது. அந்த 2-ஐ காலேஜ் போர்டில் நிரந்தரமாக ரத்து செய்யவும் வழி இருக்கிறது. பதற்றத்தில் அதைச் செய்யாதீர்கள். ரத்து செய்தால் திரும்ப வராது, செய்யவேண்டிய தேவையும் எங்களுக்கு வரவில்லை.

டிரான்ஸ்கிரிப்ட் என்று சொன்னதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். விடலாமா என்ற பேச்சு எல்லாம் எஸ்ஏடி, ஏசிடி, ஏபி போன்ற தேர்வுகளுக்கு மட்டும்தான். பள்ளி மதிப்பெண்களில் ஒரு சி இருந்தாலும் அது இருந்தபடியே போகவேண்டும். அதை மாற்றினாலோ விட்டாலோ கிடைத்த இடத்தையே திரும்ப எடுத்துக்கொள்வார்கள். காரணம் இருந்தால், உடம்பு சரியில்லை, வீட்டில் ஒரு இழப்பு என்றால், விண்ணப்பத்தின் கூடுதல் தகவல் பகுதியில் நாலு வரியில் நேராக எழுதுங்கள். பள்ளியின் கவுன்சலரையும் அவருடைய கடிதத்தில் குறிப்பிடச் சொல்லுங்கள்.

தவறி அனுப்பிவிடும் இடங்கள்

எஸ்ஏடிக்குப் பதிவு செய்யும்போது நான்கு கல்லூரிகளுக்கு இலவசமாக அனுப்பலாம் என்று வரும். தேர்வு முடிந்து ஒன்பது நாள் வரைதான் அந்தச் சலுகை. ஸ்கோர் வருவதோ அதற்கப்புறம். அதாவது என்ன வாங்கியிருக்கிறோம் என்று தெரியாமலே அனுப்புகிறோம். மார்ச்சில் மகள் இலவசம்தானே என்று இரண்டு கல்லூரிகளைப் போட்டுவிட்டாள், 1340 போய்விட்டது. அதில் ஒன்று ‘விருப்பம்’ கல்லூரி. ஆபீசுக்குப் போன் செய்தோம். விண்ணப்பத்தில் ‘பார்க்கவேண்டாம்’ என்று குறித்தால் படிக்கிறவர்களுக்கு அது காட்டப்படாது என்று பொறுமையாகச் சொன்னார்கள். உங்களுக்கும் அப்படி நடந்திருந்தால் கேட்டுவிடுங்கள், தயங்காதீர்கள்.

இன்னொன்று காமன் ஆப்பின் டெஸ்டிங் பகுதி. அதில் ஸ்கோரை நிரப்பினால், அந்த நிலையில் சமர்ப்பிக்கும் ஒவ்வொரு கல்லூரிக்கும் அதே பக்கம் போகக்கூடும். நாங்கள் முதலில் ஸ்கோர் போகவேண்டிய கல்லூரிகளுக்கு எல்லாம் சமர்ப்பித்துவிட்டு, அப்புறம் அந்தப் பகுதியிலிருந்து எஸ்ஏடியை எடுத்துவிட்டு மற்றவற்றை அனுப்பினோம். ஒவ்வொரு முறையும் சமர்ப்பிக்கும் முன் வரும் பிடிஎஃப்பைத் திறந்து ஒரு வரி விடாமல் படித்தோம்.

அப்புறம், சில ஹைஸ்கூல்கள் டிரான்ஸ்கிரிப்டிலேயே எஸ்ஏடி, ஏபி ஸ்கோரை அச்சிட்டுவிடுகின்றன. செப்டம்பர் மாதமே கவுன்சலரிடம் ஒரு பிரதி வாங்கிப் பாருங்கள். இருந்தால் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கடைசியில் எங்கள் நோட்டு

கட்டாயம் என்ற இரண்டுக்கு 1400 சூப்பர்ஸ்கோர் கிடைக்கும்படி ஜூன், ஆகஸ்ட் இரண்டையும் அனுப்பினோம். கலிஃபோர்னியா இரண்டுக்கு வேலையே இல்லை. விருப்பம் ஐந்தில் மூன்றில் 1400 நடு எண்ணைத் தொட்டது, அனுப்பினோம். ஒன்றில் 25-க்கு ரொம்பக் கீழே, விட்டோம். மிச்சம் ஒன்று, வேறு மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகம், 25-க்கும் 50-க்கும் நடுவில் விழுந்தது. நான் அனுப்பலாம் என்றேன், கணவர் வேண்டாம் என்றார். முடிவை மகளிடம் விட்டோம். அவள் ஒரு நாள் எடுத்துக்கொண்டு, விடுகிறேன் என்றாள். அங்கே இடம் கிடைக்கவில்லை. ஸ்கோர் போயிருந்தால் கிடைத்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

‘விருப்பம்’ கல்லூரிகளில் ஸ்கோர் அனுப்பிய மூன்றில் இரண்டில் இடம் கிடைத்தது, அதில் ஒன்றில் சேர்ந்தாள். சேரும்போது இன்னொரு வேலை பாக்கி இருக்கும். அட்மிஷனுக்கு அனுப்புவது வேறு, கிரெடிட்டுக்கு அனுப்புவது வேறு. ஏபி எழுதும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு கல்லூரிக்கு ஏபி ஸ்கோரை இலவசமாக அனுப்பலாம், ஜூன் 20 கடைசி நாள். அந்த அறிக்கையில் பொதுவாக எழுதிய எல்லாம் சேர்ந்துதான் போகும், ஆகவே வேதியியல் 2-ம் போனது. அதனால் ஒரு கெடுதலும் இல்லை. கால்குலஸ் 4-க்கு கிரெடிட் கொடுத்தார்கள். வேதியியலை அவள் முதல் செமஸ்டரில் அடியிலிருந்து மறுபடி படித்தாள். நவம்பரில் போன் செய்தபோது, “அம்மா, இப்பதான் மோல் கணக்கு உண்மையா புரியுது” என்றாள்.